மலர்ச்சாலையின் உரிமையாளர் யார்?

கொழும்பிலிருந்து வெளிவரும் தமிழ் நாளேடுகளின் மரண அறிவித்தல் பக்கத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையையோ தெஹிவளையையோ வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று அது தொடங்கும். பெற்றோர், துணை, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று உறவுமுறை விரியும். அன்னாரின் பூதவுடல் இன்ன மலர்ச்சாலையில் அஞ்சலிக்காக வைக்கப்பட்டு, கிரியைகள் நடைபெற்று, கல்கிசை மயானத்திலோ பொரளை கனத்தையிலோ தகனம் செய்யப்படும் என்று முடியும். பத்திரிகை அலுவலகத்தில் கழிந்த ஆண்டுகளில் இத்தகைய அறிவித்தல்கள் ஆயிரக்கணக்கில் என் கண்களைக் கடந்து சென்றுள்ளன. மூன்று தலைமுறை உறவினரைப் பெயர் சொல்லி அறிவிக்கும் அந்தப் பத்தியில், உடலைப் பொறுப்பேற்கும் நிலையத்துக்கு மாத்திரம் ஒரு வியாபாரப் பெயரே இருக்கும். அப்பெயருக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்விதானா அது? ஆம் என்பதே என் எண்ணம். ஆனால் கொழும்புத் தமிழர் அதைக் கேளாதிருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. கேட்கச் சொல்லும் சட்டத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுச் செல்பவை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘மலர்ச்சாலை’ என்பது தமிழகத்து வாசகர்களுக்குப் பூக்கடை போலத் தோன்றலாம். சிங்களத்தில் ‘மல் சாலாவ’ என்று வழங்குவதன் தமிழ் வடிவம் அது. ‘மல்’ என்றால் மலர். சவப்பெட்டி, ஊர்தி, உடல் கெடாதிருக்க மருந்தேற்றும் வேலை, உறவினர் கூடும் மண்டபம், மயானத்தில் இடம் பெறுவது, சில வேளைகளில் பத்திரிகை அறிவித்தல் வரை யாவற்றையும் ஒரே கூரையின் கீழ் செய்து கொடுக்கும் வணிக நிலையம் அது. மரணத்தின் பெயரைச் சொல்லாமலே மரணத்தைப் பேசும் இச்சொல், இரண்டு மொழியினருக்கும் பொதுவாகிவிட்டது.

யாழ்ப்பாணக் கிராமத்தில் இத்தகைய நிலையத்துக்கு இடமிருக்கவில்லை. செத்தவீடு என்பது வீட்டு முற்றத்தில் நடந்தது. பாடை கட்டியவர், பறை முழக்கியவர், துணி விரித்தவர், கொள்ளிக்குடம் கொத்தியவர் என ஒவ்வொருவரும் ஊராருக்கு முகம் தெரிந்தவர்கள். அந்த முறையின் அடியில் சாதிக் கட்டுப்பாடும் குடிமைத் தொழிலும் இருந்தன என்பதை மறைத்து அதைப் புகழ்வது நேர்மையாகாது. எனினும் ஓர் உண்மை உண்டு: உடலுக்கு ஒரு குறை நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பின்னாளில் ஊர்தோறும் தோன்றிய மரணாதாரச் சங்கங்களும் அப்படியே. தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரின் பெயரும் உறுப்பினர் கையிலிருக்கும் புத்தகத்தில் இருக்கும்.

போர் இந்த ஒழுங்கைக் குலைத்தது. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் தொடர்மாடி வீடுகளில் குடியேறினர். மின்தூக்கியில் சவப்பெட்டி போகாது; அயல்வீட்டார் வேற்று மொழியினராக இருப்பர்; முற்றம் என்ற ஒன்று இல்லை. பாதை மூடப்பட்டிருந்த காலங்களில் உடலை ஊருக்குக் கொண்டு செல்வதும் இயலாது. பிள்ளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருந்து வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை உடலைக் காப்பதற்கு ஒருவர் வேண்டும். இவ்வாறு, சைவக் கிரியை செய்யும் குடும்பங்களும் ஒரு தலைமுறைக்குள் மலர்ச்சாலையைத் தம் சடங்கின் பகுதியாக்கிக் கொண்டன. சுண்ணம் இடித்தலும் திருப்பொற்சுண்ணம் பாடுதலும் வாடகை மண்டபத்தில் நடைபெறத் தொடங்கின.

இந்த வணிகத்தின் தன்மை வேறெந்த வணிகத்தைப் போன்றதும் அன்று. வாங்குபவர் பெரும்பாலும் முதன்முறையாக வாங்குகிறார். அவருக்குச் சில மணி நேரமே உண்டு. பல கடை ஏறி இறங்கி விலை கேட்க மனம் ஒப்பாது. பேரம் பேசினால் தாய்க்குக் கணக்குப் பார்த்தவன் என்ற பெயர் வரும். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. கதவுக்குப் பின்னால் செய்யப்படும் வேலையைப் பார்வையிடவும் முடியாது. கடல் கடந்து வாழும் பிள்ளையோ எல்லாவற்றையும் தொலைபேசியிலேயே தீர்மானிக்கிறார். இத்தகைய நிலையில் அவர் நம்பியிருப்பது பெயர்ப்பலகையில் உள்ள பெயரை மாத்திரமே. அந்தப் பெயர் யாருடையது என்பது எனவே சிறிய கேள்வியன்று.

இக்கேள்விக்கு விடையளிக்கும் சட்டம் இலங்கையில் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே வந்துவிட்டது. 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டம் என்பது அது. தமது சொந்தப் பெயரிலன்றி வேறொரு பெயரில் வணிகம் நடத்துவோர் அப்பெயரையும், தம் முழுப்பெயரையும், வதிவிடத்தையும், வேறு தொழில் இருந்தால் அதையும் பதிவு செய்ய வேண்டும். பதிவுச் சான்றிதழை வணிகத் தலத்தில் யாவரும் காணுமாறு வைக்க வேண்டும். பதியாதவர் தமது வணிக ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவதில் இடர்ப்பட நேரும். 1987இன் 13ஆவது திருத்தத்தின் பின்னர் இது மாகாண சபைகளின் பொறுப்பாகி, மேல் மாகாணத்தில் பிரதேச செயலகங்கள் ஊடாகப் பதிவு நடைபெறுகிறது. பலசரக்குக் கடைக்கும் தையற்கடைக்கும் பொருந்தும் அதே விதிதான் மலர்ச்சாலைக்கும் பொருந்தும். 1899ஆம் ஆண்டின் மயானங்கள் மற்றும் புதைத்தல்கள் பற்றிய கட்டளைச் சட்டம் மயானத்தைப் பற்றிப் பேசுகிறது. 1951ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் மரணத்தைப் பதிவது பற்றிப் பேசுகிறது. மரண வீட்டுக்கும் மயானத்துக்கும் இடையில் உடலை வைத்திருப்பவரின் பெயரைக் கேட்பது இந்தப் பொதுவான வணிகச் சட்டமே.

ஆனால் அச்சட்டம் நுகர்வோர் மீது கொண்ட கருணையால் பிறந்ததன்று. அந்தப் பதிவுப் படிவத்தை ஊன்றிப் பார்த்தவர்கள் அதில் ஒரு விசித்திரமான வினாவைக் கண்டிருப்பார்கள். நாட்டினம் எது என்று கேட்டுவிட்டு, பிறப்பால் வேறு நாட்டினராயின் அதையும் எழுதுக என்று கேட்கிறது. சோற்றுக்கடை வைப்பவரிடம் இதை ஏன் கேட்க வேண்டும்?

விடை முதலாம் உலகப் போரில் இருக்கிறது. 1916இல் பிரித்தானிய நாடாளுமன்றம் வியாபாரப் பெயர்கள் பதிவுச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆங்கிலப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஜேர்மன் முதலாளி ஒளிந்திருக்கிறாரோ என்ற ஐயமே அதற்கு உந்துதல். பெயரை மாற்றிக்கொண்டவரின் பழைய பெயரையும் பிறப்பு நாட்டினத்தையும் வெளிக்கொணர்வதே நோக்கம். அதன் சாயலிலேயே இரண்டாண்டுகளின் பின் கொழும்பில் சட்டம் வந்தது. ஜேர்மன் வணிகக் குடும்பமான ஃபிரொய்டன்பேர்க்கின் நிறுவனம் கொழும்பில் பெரும் ஏற்றுமதி வணிகம் நடத்தி, போர்க்காலத்தில் எதிரியின் சொத்தாகக் கைப்பற்றப்பட்டது.

தெஹிவளை வாசிகளுக்கு இன்னும் அணுக்கமான ஓர் உதாரணம் உண்டு. ஹாம்பர்க் நகரத்து விலங்கு வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோன் ஹாகன்பெக், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இலங்கையில் தோட்டங்களோடு வாழ்ந்தவர். போர் வந்ததும் ஜேர்மனியர் என்ற காரணத்தால் நாட்டை விட்டு நீங்கினார், சொத்துகளும் பறிபோயின. 1920களில் திரும்பி வந்து தெஹிவளையில் விலங்குகளைச் சேர்த்தார். அந்த நிறுவனம் நொடித்தபோது 1936இல் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. நாம் பள்ளிச் சுற்றுலாவில் யானை பார்க்கப் போன மிருகக்காட்சிசாலை அதுதான். அவர் 1940இல் இலங்கையிலேயே காலமானார். உரிமையாளர் யார் என்ற கேள்வி இந்த மண்ணில் முதன்முதல் சட்டமானபோது, அது இவரைப் போன்றோரை நோக்கிய கேள்வியாக இருந்தது. ‘நீ யார்’ என்பதல்ல, ‘நீ எந்த இனம்’ என்பதே அதன் உட்பொருள்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், அதே உட்பொருளோடு அதே கேள்வி பின்னர் தமிழரிடம் கேட்கப்பட்டது. 1983 ஜூலை 23ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் மாலை அவர்களது உடல்களைப் பொரளை கனத்தையில் ஒருசேர அடக்கம் செய்ய ஏற்பாடாகியிருந்தது. உடல்கள் வந்து சேரத் தாமதமாயிற்று. காத்திருந்த கூட்டம் பெருகிக் கொதித்தது, அடக்கம் கைவிடப்பட்டது, கூட்டம் பொரளைக் கடைகள் மீது பாய்ந்தது. மறுநாட்களில் வெள்ளவத்தையும் தெஹிவளையும் எரிந்தன. தாக்கியவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது என்பது அக்காலச் செய்திகளிலும் பின்வந்த ஆய்வுகளிலும் பதிவாகியிருக்கிறது. கட்டடம் சிங்களவருக்குச் சொந்தமாகவும் கடை தமிழருக்குச் சொந்தமாகவும் இருந்த இடங்களில், கட்டடத்தை விட்டுவிட்டுச் சாமான்களைத் தெருவில் குவித்து எரித்தார்கள். உரிமையாளர் பற்றிய தகவல் இவ்வளவு துல்லியமாகக் கொழும்பில் வேறொரு போதும் பயன்பட்டதில்லை.

அதன் பின்னர் கொழும்புத் தமிழர் பெயரைப் பற்றி ஒரு பாடம் கற்றார்கள். கடைகளுக்கு எந்த இனத்தையும் சுட்டாத பெயர்கள் பெருகின. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிவது போர்க்காலத்தின் நித்திய கருமமாயிற்று. 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பட்டியலில் பெயர் இருந்தால் ஆபத்து, இல்லாவிடில் ஐயம். இப்படி வாழ்ந்த ஒரு சமூகம், ‘இந்தக் கடை யாருடையது’ என்று மற்றவரிடம் கேட்பதை அநாகரிகமாகக் கருதப் பழகிவிட்டதில் வியப்பில்லை. மலர்ச்சாலையில் நாம் வாய் திறவாதிருப்பது அந்தப் பழக்கத்தின் எச்சம்.

இனிக் கடல் கடந்து செல்வோம். ஏனெனில் நம் வாசகர்களில் பலர் தம் பெற்றோரை அங்கேதான் வழியனுப்புகிறார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1962இல் றொபேட் வோல்ட்ரிப் என்பவர் தம் குடும்பத்து ஈமச்சேவை நிலையத்தை அடித்தளமாகக் கொண்டு சேர்விஸ் கோர்ப்பரேஷன் இன்டர்நஷனல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஊர் ஊராகக் குடும்ப நிலையங்களை வாங்குவதும், வாங்கியபின் பெயர்ப்பலகையை மாற்றாது விடுவதும் அதன் வழி. காரணம் எளிது. பாட்டனைப் புதைத்த பெயரையே பேரனும் தேடிவருவான். கனடாவின் லோவன் நிறுவனமும் அதே பாதையில் சென்று 1999இல் நொடித்தது.

1994இல் ஹூஸ்டன் நிறுவனம் பிரித்தானியாவுக்குள் நுழைந்து இரண்டு பெரிய ஈமச்சேவைக் குழுமங்களை வாங்கிற்று. ஏகபோக மற்றும் இணைப்பு ஆணைக்குழு அதனை ஆராய்ந்து 1995இல் அறிக்கை தந்தது. சில இடங்களில் கிளைகளை விற்க வேண்டும் என்பதோடு, ஒவ்வொரு கிளையிலும் உண்மையான உரிமையாளர் யார் என்பது வாடிக்கையாளருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதும் அதன் பரிந்துரை. ஈமச்சேவைத் தொழிலில் ‘உரிமையாளர் யார்’ என்ற கேள்வி, துக்கத்தில் இருப்பவருக்காகக் கேட்கப்பட்ட தொடக்க நிகழ்வுகளில் இது முக்கியமானது.

அந்த ஆண்டுகளில் இலண்டனில் என் நண்பர் ஒருவரின் தந்தையார் காலமானார். நண்பர் படித்தவர், நிதானமானவர். ஒன்றுக்கு இரண்டு இடத்தில் விசாரிக்க வேண்டுமென்று, ஒரே வீதியில் வெவ்வேறு குடும்பப் பெயர் தாங்கிய இரண்டு நிலையங்களில் விலை கேட்டார். தொகைகள் அநேகமாக ஒன்றே. கிரியைகள் முடிந்து பல வாரங்களின் பின்னரே இரண்டு கடிதத் தாளின் அடியிலும் பொடி எழுத்தில் ஒரே கம்பனியின் பெயர் இருப்பதைக் கண்டார். அவரை எவரும் பொய் சொல்லி ஏமாற்றவில்லை. அவர் இரண்டு பேரைக் கேட்டதாக நினைத்தார். ஒருவரையே இரண்டு முறை கேட்டிருந்தார். அவ்வளவுதான்.

1916இன் சட்டம் இவ்விடத்தில் கைகொடுக்கவில்லை. அந்நியர் உள்ளூர்ப் பெயரைச் சூடிக்கொள்வதைப் பிடிக்கவே அது எழுதப்பட்டது. போர் முடிந்து வெகுகாலத்தின் பின், 1980களின் தொடக்கத்தில், அந்தப் பதிவேடும் அங்கே மூடப்பட்டது. குடும்பப் பெயர் குடும்பத்தை விட்டுக் கைமாறிய பிறகும் அதே பலகையில் தொங்குவதே ஈமச்சேவையின் நோய். புனைபெயரைக் கண்டால் யாருடையது என்று கேட்கத் தோன்றும். உண்மைப் பெயர் போல் இருக்கும் பழைய பெயரே மிகச் சிறந்த முகமூடி.

1995இன் பரிந்துரை எல்லா நிலையங்களுக்கும் உரிய கட்டாய விதியாக மாற 26 ஆண்டுகள் ஆயின. ஹூஸ்டன் நிறுவனத்தின் பிரித்தானியக் கிளை 2002இல் அதன் நிருவாகிகளாலேயே வாங்கப்பட்டு டிக்னிற்றி என்ற பெயரில் பங்குச் சந்தைக்கு வந்தது. 2023இல் மீண்டும் தனியார் கைக்குப் போனது. இடையில் போட்டி மற்றும் சந்தைகள் அதிகார சபை இத்துறையை முழுமையாக ஆராய்ந்து 2020 டிசம்பரில் இறுதி அறிக்கை வெளியிட்டது. அதன் விளைவான 2021ஆம் ஆண்டின் ஆணைப்படி, அவ்வாண்டு செப்டெம்பர் 16 முதல் ஒவ்வொரு ஈமச்சேவை நிலையமும் விலைப் பட்டியலோடு தன் இறுதி உரிமையாளர் யார் என்பதையும் நிலையத்திலும் இணையத்தளத்திலும் காட்ட வேண்டும். மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் பணம் கொடுத்து உடல்களைத் தம் பக்கம் திருப்புவதும் தடை செய்யப்பட்டது. அமெரிக்காவில் 1984 முதல் நடைமுறையிலுள்ள கூட்டாட்சி ஈமச்சேவை விதி விலையை வெளிப்படுத்தச் சொல்கிறது. அதன் குறி விலையேயன்றி உரிமையாளர் அல்லர்.

இலண்டன் விதியில் நான் கவனிப்பது ஒன்று. அது உரிமையாளரின் இனத்தைக் கேட்கவில்லை. பிறந்த நாட்டைக் கேட்கவில்லை. அரசின் பெட்டகத்தில் பூட்டி வைப்பதற்கான பட்டியலையும் கேட்கவில்லை. துக்கத்தோடு கதவைத் திறந்து வருபவரின் கண்ணில் படும் இடத்தில் ஒரு பெயரை எழுதி வை என்கிறது. 1916இன் கேள்விக்கும் 2021இன் கேள்விக்கும் சொற்கள் ஒன்றே. கேட்பவர் வேறு, கேட்கும் காரணம் வேறு. முன்னது உரிமையாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. பின்னது அவரைப் பொறுப்பாளர் ஆசனத்தில் இருத்துகிறது.

இலங்கையிலும் 2025இல் கம்பனிகள் சட்டம் திருத்தப்பட்டு, கம்பனியின் பயனை இறுதியில் அனுபவிக்கும் உரிமையாளர் யார் என்பதைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. பணச் சலவையைத் தடுப்பதே அதன் முதன்மை நோக்கம். நல்லதே. ஆயினும் களுபோவில மருத்துவமனைப் பிரேத அறை வாசலில் நிற்கும் மகள் கம்பனிப் பதிவாளரிடம் விண்ணப்பித்துவிட்டு வரப்போவதில்லை. அவருக்குப் பயன்படுவது சுவரில் தொங்கும் ஒரு தாள்.

அந்தத் தாளைத் தொங்கவிட வேண்டும் என்ற கருத்து நம் நாட்டுச் சட்டத்துக்குப் புதியதன்று என்பதே இக்கட்டுரையின் சாரம். சான்றிதழைக் காட்சிக்கு வைக்க 1918இலேயே சொல்லப்பட்டுவிட்டது. 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் விலையைக் காட்டவும், கேட்டால் பற்றுச்சீட்டு வழங்கவும் வணிகரைப் பணிக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால், துக்க வீட்டார் மூன்று காரியங்களைக் கேட்கலாம்: பதிவுச் சான்றிதழ் எங்கே? கட்டணங்கள் தனித்தனியாக எழுதிய பட்டியல் உண்டா? பற்றுச்சீட்டில் யாருடைய பெயர் இருக்கும்? வீட்டிலுள்ளோருக்கு இது இயலாது. ஒன்றுவிட்ட சகோதரர், அயலவர், சங்கத்துச் செயலாளர் என்று சற்று எட்ட நிற்கும் ஒருவர் கேட்பதே முறை. கேட்பவர் உரத்த குரலில் கேட்க வேண்டியதில்லை. நேர்மையான நிலையத்தார் இதற்கு முகம் சுளிப்பதுமில்லை. தம் குடும்பமே நடத்துகிறது என்றால் அதைச் சொல்வதில் அவர்களுக்குப் பெருமையே தவிர நட்டமில்லை.

ஒன்று மாத்திரம் நீங்க வேண்டும். பிறப்பால் எந்த நாட்டினர் என்று கேட்கும் அந்தப் பழைய நிரல், உலகப் போரின் எச்சமாகப் படிவத்தில் இனியும் இருப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. பட்டியல்களால் எரிந்த நகரம் இது. இங்கே உரிமையாளரின் பெயரைக் கேட்கும் எந்த விதியும், அந்தப் பெயரை எதற்காகக் கேட்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெட்டி மாறிவிட்டால், உடல் பழுதாகிவிட்டால், சொன்ன தொகை ஒன்று கேட்ட தொகை வேறொன்றானால் யாரிடம் போய் நிற்பது என்பதற்காக. அதற்கு ஒரு பெயரும் ஒரு முகவரியும் போதும். அந்தப் பெயர் எந்த மொழியில் ஒலித்தாலென்ன?